வெண்டைக்காயால் அடித்த மாமன்

வெண்டைக்காயால் குழந்தையை அடித்தான் என்று பேச்சிமுத்துவின் மேல் வழக்குப் பதிவானது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறு இருபத்தேழுக்கு. குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். பெயர் செண்பகம். அடித்ததாகச் சொல்லப்பட்டவன் அவளுடைய தாய்மாமன். சொன்னவள் அவன் கூடப்பிறந்த அக்காள், பிள்ளையைப் பெற்றவள், இசக்கியம்மாள். உண்மையில் அவள் சொல்லவில்லை, பாடினாள். அந்த வித்தியாசம் தெரியாத ஒன்று தொட்டிலுக்கு மேலே சுவரில் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பெயர் செவிலி. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, நடுவில் பச்சை விளக்கு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் மாட்டியாக வேண்டும் என்று மழலைக் காப்பு வாரியம் சட்டம் கொண்டுவந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குக் காரணமும் இருந்தது. எங்கோ ஓர் ஊரில் ஒரு பிள்ளையை அடித்தே கொன்றுவிட்டார்கள். சுற்றியிருந்த பதினாறு வீட்டுக்காரர்களும், அழுகைச் சத்தம் கேட்டது உண்மைதான், நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டோம் என்று வரிசையாக வாக்குமூலம் கொடுத்தார்கள். நாடே கொதித்தது. மனிதக் காதை நம்பிப் பிரயோசனமில்லை, கேட்பதற்கு இயந்திரம் வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் இசக்கியும் ஒருத்தி. அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

செண்பகம் பிறந்த பதினோராம் நாள் பெட்டியை மாட்ட ஆள் வந்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யார் யார் என்று கேட்டு ஒரு படிவத்தை நிரப்பினான். ஒன்று, தாய். இரண்டு, தகப்பன் சங்கரபாண்டி. மூன்று, அத்தை உலகம்மாள். நான்கு, தாய்மாமன் பேச்சிமுத்து. ஐந்தாவதாக அவனே செவிலி என்று எழுதிக்கொண்டான்.

"இந்தப் பெட்டி என்னத்தப் பாத்துக்கிடும்?" என்று இசக்கி கேட்டாள்.

"வீட்ல யாரும் பாடலேன்னா அதுவே பாடும்க்கா. பாடுனா அதுவும் ஒரு ஆளுதான். வாரியத்துல அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்காவ."

இசக்கி சிரித்துவிட்டு அவனுக்கு மோர் கொடுத்தாள்.

அந்த வீட்டில் பெட்டிக்குப் பாடுகிற வேலையே வரவில்லை. தென்காசியில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் குறிஞ்சித் தெருவில், சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவர்கள் வீட்டில் கச்சேரி தொடங்கிவிடும். சங்கரபாண்டி மின்வாரிய வேலை முடிந்து வந்திருப்பான். அவன் தங்கை உலகம்மாள் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்திருப்பாள். பேச்சிமுத்து பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டு நேரே அக்காள் வீட்டுக்குத்தான் வருவான். நாலு பேரும் தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு அடியாகப் பாடுவார்கள். சங்கரபாண்டிக்குச் சுருதி என்பது மருந்துக்கும் கிடையாது. அதற்காக அவனை யாரும் விட்டுவிடுவதில்லை.

இந்தப் பக்கத்துத் தாலாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை அழுதால் யார் அடித்தது என்று கேட்க வேண்டும். யாரும் அடித்திருக்க மாட்டார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உறவுக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்து நிறுத்தி, ஒன்றுக்கும் ஆகாத ஒரு சாமானைக் கையில் கொடுத்து, இதால் அடித்தாயா என்று விசாரித்து, தண்டனையும் சொல்லிவிட வேண்டும். பாட்டில் தன் பேர் வராதவர்தான் கோபித்துக்கொள்வார். முதல் குற்றவாளி எப்போதும் தாய்மாமன். அது அவனுக்குள்ள மரியாதை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் இசக்கி முறைப்படிதான் தொடங்கினாள்.

*யாரடிச்சா எங்கிளியே, ஏனழுத சொல்லிப்புடு,*
*வேனோட்டும் பேச்சிமுத்து வெண்டைக்காயால் அடிச்சானோ,*
*வெரலப் பிடிச்சு இழுத்துவந்து வெளக்குமுன்ன நிறுத்துவனோ.*

பேச்சிமுத்து காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டான். செண்பகம் சிரித்தாள், சிரித்தபடியே கண் சொருகித் தூங்கிவிட்டாள். தன் முறை வருவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டதே என்று உலகம்மாளுக்கு வருத்தம். அவள் அப்பளத்தால் அடிக்கிற அடி ஒன்றைக் கடையில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தாளாம். அந்தத் தூக்கத்தால் அவள் தப்பித்தாள்.

ஒன்பது மாதமாக இதே பாட்டைக் கேட்டுச் சும்மா இருந்த பெட்டிக்கு அன்றைக்கு என்ன கேடு வந்தது? அந்த வாரம்தான் அதற்கு வட்டார வழக்கு கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும் இவர்கள் பேசுவது அதற்குப் பாதிதான் விளங்கியது. இப்போது வார்த்தைக்கு வார்த்தை விளங்கியது. விளையாட்டு மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்கூட வாசலில் இருபத்திரண்டு பிள்ளைகளோடு பேச்சிமுத்துவின் வேன் தானாக நின்றுபோனது. செவிலி அனுப்பிய புகாரால் அவன் பேரில் தடை விழுந்திருந்தது. காவலாளி வந்து அவனை இறக்கினார். வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. அக்காளுக்குப் போன் செய்தபோது அவன் அழவில்லை.

"யக்கா, நான் பிள்ளைய அடிச்சேன்னு நீ சொன்னியாம்லா?" என்று மட்டும் கேட்டான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அக்காள் வாயால் தம்பி கெட்டான். இன்னும் பதினெட்டு நாளில் செண்பகத்துக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன், இருநூறு மீட்டருக்குள் வரக்கூடாதவனாகிவிட்டான்.

அன்றைக்கே அவளும் சங்கரபாண்டியும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். அலுவலர் பெயர் எஸ்தர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு. கெட்ட மனுஷியாகத் தெரியவில்லை. இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"அது பாட்டு மேடம்," என்றாள் இசக்கி. "வெண்டைக்காயால அடிச்சு யாருக்காவது வலிக்குமா?"

"எனக்குப் புரியுதும்மா. எங்க வீட்லயும் அப்படித்தான் பாடுவாங்க. செவிலிக்கு அது தெரியாது. அழுகைய வச்சு அதால முடிவு பண்ண முடியாது, எல்லாப் பிள்ளையும் அழும். அதனால வார்த்தையத்தான் கேக்கும். யாரு அடிச்சது, யாரை, எதாலன்னு மூணும் வந்துட்டா அந்தப் பேரப் பூட்டிரும்."

"பூட்டுனதத் திறந்துவிடுங்க."

"சாவி இல்ல." எஸ்தர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தாள். "முதல் வருஷம் சாவி எங்க கையிலதான் இருந்துச்சு. ஒரு பெரிய வீட்டுப் பையன் மேல புகார் வந்துச்சு. மேலேருந்து போன் வந்துச்சு, திறந்துவிட்டோம். ஒன்பதாவது நாள் அவன் அடிச்ச பிள்ளை செத்துப்போயிருச்சு. அதுக்கப்புறம் மனுஷங்க கையில சாவியே வேண்டாம்னு எடுத்துட்டாங்க. பட்டியல்ல இருக்கிற பேரு யாரா இருந்தாலும் சரி, எதுவா இருந்தாலும் சரி, மந்திரியே ஆனாலும் சரி, விசாரணை முடியிறவரைக்கும் பிள்ளைகிட்டேருந்து இருநூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கணும்."

"விசாரணை எப்ப முடியும்?" என்று சங்கரபாண்டி கேட்டான்.

"பாதிக்கப்பட்டவங்க வாக்குமூலம் வேணும்."

"பாதிக்கப்பட்டது யாரு?"

"குழந்தை."

"அவளுக்கு இன்னும் அம்மான்னுகூடச் சொல்ல வரலியே மேடம்."

"பேச்சு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்," என்றாள் எஸ்தர். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "கோபப்படுறீங்க, தெரியுது. நம்ம மாவட்டத்துல மட்டும் போன வருஷம் பதினோரு பிள்ளைங்க இந்தப் பெட்டியால பிழைச்சிருக்குங்க. அந்தப் பதினொண்ணையும் நான் கையில தூக்கியிருக்கேன்."

அதை மறுக்க முடியாததால் இசக்கிக்குக் கோபம் இன்னும் ஏறியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறார்கள், கேட்டால் எலி செத்ததா இல்லையா என்கிறார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர்கள் கொடுத்த நகலைப் படித்தாள். *சாட்டப்பட்டவர்: பட்டியலில் வரிசை எண் நான்கு. பயன்படுத்தப்பட்ட பொருள்: காய்கறி.* ஓர் ஆளாவது இதைத் தட்டச்சு செய்திருந்தால் இந்த இடத்தில் கை நின்றிருக்கும். கீழே பட்டியல் முழுவதும் இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் படித்தாள். அதோடு பாட வேண்டிய பாடல்கள் என்று ஒரு தாளும் வைத்திருந்தார்கள். நிலா, அணில், பல் துலக்குதல், கை கழுவுதல். எதிலும் ஓர் உறவுக்காரர்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டு நின்றுபோனது. உலகம்மாள் தொட்டில் பக்கமே வருவதில்லை. "எதுக்கு மைனி வம்பு, வாய் தவறி ஏதாவது வந்துட்டா என் வேலையும் போயிரும்," என்றாள். சங்கரபாண்டி பிள்ளையைத் தூக்கினால் பேசாமல் தூக்கினான். செண்பகம் அழுது, யாரும் பாடாமல் மூன்று நிமிடம் போனால் செவிலி பாடத் தொடங்கியது. சுத்தமான சுருதி. அணில் மரத்தில் ஏறியது, அணில் மரத்திலிருந்து இறங்கியது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டியையே பார்த்தது. அந்தப் பார்வையை இசக்கியால் பொறுக்க முடியவில்லை.

தெரு முழுக்கவே இதே கதைதான். பேச்சிமுத்துவுக்கு நடந்தது பரவியதும் ஒவ்வொரு வீடாக வாயை மூடிக்கொண்டது. கோடி வீட்டு ராஜவேல் மட்டும் தப்பாமல் பாட்டு வைத்தான். அவனும் மனைவியும் இரண்டு வயதுப் பையனும் உள்ள வீடு. வாரியத்தின் பாட்டுகளைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிடுவான், தெருவுக்கே கேட்கும். அதற்காக அவன் கதவில் 'முன்மாதிரி இல்லம்' என்று வாரியமே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தது. "அவனப் பாரு, எப்படிச் சூதானமாப் பிழைக்கான்," என்று சங்கரபாண்டி ஒருநாள் சொன்னான். பாட்டுக்கு நடுவே அந்தப் பையன் வீறிடுகிற சத்தம் எப்போதாவது வரும். பிள்ளை என்றால் அழத்தான் செய்யும், செவிலி இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இசக்கியும் தையல் மிஷினை நிறுத்தியதில்லை.

காதுகுத்துக்கு மூன்று நாள் இருந்தபோது பேச்சிமுத்து போன் செய்தான்.

"யக்கா, வேற யாரு மடியிலயாவது வச்சுக் குத்திரு. பெரியப்பா மகன் இருக்கான்லா. நல்ல நாளத் தள்ளாத."

"ஏலே, நீ செத்தா போயிட்ட?"

"செத்தா நல்லாருக்கும். எதுத்த வீட்டுப் பிள்ள பந்து எடுக்க வந்துச்சு, அவுக அம்ம ஓடிவந்து தூக்கிட்டுப் போயிட்டா. என் மூஞ்சியக்கூடப் பாக்கல."

இசக்கி போனை வைத்தாள். எதிரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழுந்து, வெள்ளைப் பெட்டி இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பஸ்ஸில் படித்த தாளை எடுத்து மறுபடி பார்த்தாள். வரிசை எண் ஐந்து. யாரா இருந்தாலும் சரி, எதுவா இருந்தாலும் சரி என்றுதானே அந்த மேடம் சொன்னாள்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பதினைந்து நாளாகப் பாடாத தொண்டை முதலில் கமறியது. பிறகு திறந்துகொண்டது.

*யாரடிச்சா எங்கிளியே, ஏனழுத சொல்லிப்புடு,*
*செவுத்துமேல குந்தியிருக்கும் செவிலியவ அடிச்சாளோ,*
*செண்பகத்தப் பச்சவெளக்குச் சூட்டாலே அடிச்சாளோ,*
*ஊருவிட்டு ஊருதாண்டி ஓடஓட வெரட்டுவனோ.*

யார், யாரை, எதால். மூன்றும் வந்துவிட்டன. பச்சை விளக்கு மஞ்சளாயிற்று. கொஞ்ச நேரம் மஞ்சளாகவே நின்றது. தன்னைத்தானே என்ன செய்வது என்று அது யோசித்ததோ என்னவோ. பிறகு அணைந்துவிட்டது. இசக்கி எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கொல்லைப்பக்கம் வாளிக்குள் வைத்து மூடினாள்.

அரைமணி நேரத்தில் எஸ்தரிடமிருந்து போன் வந்தது.

"இது பொய்ப் புகார்னு எனக்குத் தெரியும், இசக்கியம்மா."

"புகாரா? பாட்டு மேடம் அது. பாட்டும் புகாரும் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னிய. இப்ப அந்தப் பெட்டிக்கும் பதினாலு மாசமோ நாலு வருசமோ விசாரணை வைங்க. என் மக பேசட்டும், நான் காத்திருக்கேன்."

எஸ்தர் கத்தவில்லை. "எல்லா செவிலிக்கும் ஒரே பேரும்மா," என்றாள். "உங்க வீட்டச் சுத்தி இருநூறு மீட்டருக்குள்ள அத்தனையும் அணைஞ்சிருச்சு. அறுபத்தி மூணு வீடு. என்னால திறக்க முடியாது, யாராலயும் முடியாது. அந்த அறுபத்தி மூணுல ஏதாவது ஒரு வீட்ல ஒரு பிள்ளை அடிவாங்குதுன்னு வைங்க. இனி யாரு கேப்பா?"

"பெட்டிய மட்டும் நம்பிப் பெத்துப்போட்டோமா?" என்று இசக்கி போனை அணைத்தாள். சொன்னபோது அது சரியான பதில் போலத்தான் இருந்தது.

காதுகுத்து வீட்டிலேயே நடந்தது. காலை பத்து மணிக்கு நல்ல நேரம். தம்பி மேல் தடை அப்படியேதான் இருந்தது, அதைக் கவனிக்கிற காதுதான் இல்லை. பேச்சிமுத்து பழைய வேட்டியில், தலையைத் தாழ்த்திக்கொண்டு, பின்வாசல் வழியாக வந்தான். மணையில் உட்கார்ந்தான். செண்பகத்தை மடியில் வைத்தபோது இரண்டு கைகளையும் முட்டியின் மேல் விரித்து வைத்துக்கொண்டான். பிள்ளையைத் தொடவே இல்லை. சரிந்து விழப்போனவளை ஆசாரிதான் ஒரு கையால் தாங்கினார்.

"பிடிங்க தம்பி," என்றார் அவர்.

"நீங்களே பிடிச்சுக்கிடுங்கண்ணே," என்றான் பேச்சிமுத்து.

இசக்கிக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாரியத்தையே வாளிக்குள் போட்டு மூடலாம் போலிருந்தது. பெட்டியைப் பிடுங்கியாயிற்று, அது இவன் கைக்குள் போட்டுவிட்டுப் போன பயத்தை எப்படிப் பிடுங்குவது?

ஆசாரி குத்தினார். செண்பகம் வீறிட்டாள். கூடியிருந்த இருபது பேரும் ஒருசேரச் சுவரைப் பார்த்தார்கள். அங்கே இரண்டு ஆணி ஓட்டையும், சதுரமாக வெளிறிய சுண்ணாம்பும்தான் இருந்தன. யாரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது.

இசக்கி தம்பிக்கு எதிரே போய் மண்டியிட்டாள். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாடினாள். யாரடிச்சா எங்கிளியே. அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் விடவில்லை. வேனோட்டும் பேச்சிமுத்து வெண்டைக்காயால் அடிச்சானோ. குரலில் தாலாட்டே இல்லை, சண்டைதான் இருந்தது. உலகம்மாள் பின்னாலிருந்து, அத்தக்காரி நானிருந்து அப்பளத்தால் அடிச்சேனோ என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்துக்கொடுத்தாள். சங்கரபாண்டி தன் கர்ணகடூரமான குரலோடு சேர்ந்துகொண்டான். செண்பகம் கையை ஓங்கி மாமன் மூக்கில் ஒன்று வைத்தாள். அப்போதுதான் பேச்சிமுத்துவின் கைகள் முட்டியை விட்டு எழுந்தன. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பாட்டு ஓய்ந்தது. செண்பகமும் ஓய்ந்தாள். அந்த அமைதியில், தெருவின் கோடியிலிருந்து அணில் பாட்டு கேட்டது. மரத்தில் ஏறியது, மரத்திலிருந்து இறங்கியது. நல்ல சத்தமாக வைத்திருந்தான் ராஜவேல். அதற்கு அடியில் அந்தப் பையன் வீறிட்டான். நின்றது. மறுபடி வீறிட்டான்.

இசக்கி காதைத் தீட்டிக்கொண்டாள். பெட்டி கேட்பதற்காகத்தான் அவன் பாட்டு வைக்கிறான் என்று தெருவே நினைத்திருந்தது. பெட்டிதான் மூன்று நாளாக இல்லையே. இப்போது யார் கேட்பதற்காக வைத்திருக்கிறான்? யார் கேட்காமல் இருப்பதற்காக?

ராஜவேல் எந்நாளும் வார்த்தை பேசி அடித்திருக்க மாட்டான். வார்த்தை இல்லாத அடியைப் பெட்டி கேட்டிருக்காது. பெட்டி கேட்டுக்கொள்ளும் என்று அறுபத்து மூன்று வீடும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக, ஆறு வீடு தள்ளி, இவள் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்தாள்.

"எங்க போற?" என்றான் சங்கரபாண்டி. அவனுக்கும் கேட்டிருந்தது. "விசேஷ வீடு. நமக்கு எதுக்கு வம்பு?"

அந்தப் பதினாறு வீட்டுக்காரர்களும் சொன்ன அதே வார்த்தை. இசக்கி அவனைப் பார்த்த பார்வையில் அவன் தலையைக் குனிந்துகொண்டு, பிறகு செருப்பைத் தேடினான். பேச்சிமுத்து பிள்ளையை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டு ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தான்.

வெயிலில் ஆறு வீடு நடந்தார்கள். முன்மாதிரி இல்லம் என்ற ஸ்டிக்கருக்கு மேலேயே இசக்கி கையால் ஓங்கித் தட்டினாள். பாட்டின் சத்தம் இன்னும் கூடியது. மறுபடி தட்டினாள். பேச்சிமுத்துவும் சேர்ந்து தட்டினான். பின்னால் சில வீடுகளின் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

ராஜவேல் கதவைப் பாதி திறந்தான். சிரித்த முகம், நெற்றியில் திருநீறு. கையில் ஒன்றும் இல்லை, ஆனால் மூச்சு வாங்கியது. அவன் காலுக்குப் பின்னால், சுவரோரம், அந்தப் பையன் ஒரு கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். இவ்வளவு பேரைப் பார்த்ததும் அழுகையை அடக்கினான்.

இசக்கி ராஜவேலைத் தாண்டிக் குனிந்து, பையனைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருய்யா அடிச்சா?"